கிழங்குத் திடலைப் பிடித்த சிறுத்தை

குழந்தைகளே, மூங்கில் அடர்ந்த ஒரு காட்டில் புள்ளியன் என்றொரு சிறுத்தை இருந்தது. "என் வயிறு நெருப்பு! எதைப் போட்டாலும் எரித்துவிடும்" என்று போகிற வருகிற விலங்குகளிடமெல்லாம் பெருமையடித்துக்கொள்ளும்.

ஒருநாள் மானைத் துரத்தி ஓடியபோது அதன் முன்காலில் முள் ஏறிவிட்டது. கால் வீங்கிப்போய் ஓட முடியவில்லை. வேட்டையும் இல்லை. பசி தாங்காமல் நொண்டி நொண்டிப் போன புள்ளியன், ஓடைக்கரைத் திடலில் கிளறி என்ற பெண் பன்றியைப் பார்த்தது. கிளறி மூக்கால் மண்ணைப் புரட்டி, வள்ளிக்கிழங்கு எடுத்துத் தன் குட்டிகளுக்குக் கொடுத்துக்கொண்டிருந்தது. குட்டிகள் ஒவ்வொன்றும் கொழுகொழுவென்று இருந்தன.

குட்டியைப் பிடிக்கலாமென்றால் புள்ளியனின் கால் இடம் கொடுக்கவில்லை. ஆனால் கிழங்கு ஓடாதே!

"இன்றுமுதல் இந்தத் திடல் என்னுடையது. குட்டிகளைக் கூட்டிக்கொண்டு கிளம்பு!" என்று புள்ளியன் உறுமியது.

"கிழங்கு உமக்கு ஆகாது, சிறுத்தையாரே" என்றது கிளறி.

"எனக்கு ஆகாததா? என் வயிற்றைப் பற்றி உனக்கு என்ன தெரியும்?" என்று சிறுத்தை பல்லைக் காட்டியது.

குட்டிகள் தாயின் பின்னால் ஒளிந்துகொண்டன. கிளறி அவற்றை ஓட்டிக்கொண்டு போய்விட்டது.

புள்ளியன் கிழங்கை வாரி வாரி விழுங்கியது. வயிறு பானைபோல் உப்பியது. உள்ளே கடமுடவென்று ஒரே சத்தம்! ஆனால் உடம்பில் தெம்பு ஏறவே இல்லை. நாளாக ஆக விலா எலும்பு வெளியே தெரிந்தது. எழுந்தால் தலை சுற்றியது. 'இப்படியே செத்துப்போய்விடுவேனோ?' என்று அதற்குப் பயம் வந்துவிட்டது.

கிளறி அந்தப் பக்கம் வந்தபோது புள்ளியன் படுத்தபடியே சீறியது.

"அடி பன்றி! கிழங்கில் என்ன சூனியம் வைத்தாய்?"

"சூனியமா? நீர் போட்ட விட்டையைக் கொஞ்சம் திரும்பிப் பாரும்."

புள்ளியன் திரும்பிப் பார்த்தது. உள்ளே போன கிழங்கு போனபடியே துண்டு துண்டாகக் கிடந்தது! வெட்கத்தில் அதன் மீசை தொங்கிப்போயிற்று.

"வயிறு நெருப்பு இல்லை, சிறுத்தையாரே" என்றது கிளறி. "நம் உடம்பில் ஊறுகிற சாறுகளில் நொதிகள் இருக்கின்றன. கிழங்கின் மாவை உடைக்க ஒன்று, இறைச்சியை உடைக்க ஒன்று, கொழுப்பை உடைக்க இன்னொன்று. ஒன்றின் வேலையை மற்றொன்று தொடவே தொடாது. உமக்கு இறைச்சி நொதி ஏராளம். மாவு நொதியோ ஏதோ சொட்டுத்தான். எனக்கு எல்லாமே தாராளம்."

"ஐயோ, இப்போது நான் என்ன செய்வேன்?" என்று புலம்பியது புள்ளியன்.

"திடலைத் திருப்பிக் கொடும். பள்ளத்தில் விழுந்து செத்த கடமான் ஒன்று கிடக்கிறது. இடத்தைக் காட்டுகிறேன்."

"கொடுத்தேன், கொடுத்தேன்! இனி இந்தப் பக்கம் எட்டிக்கூடப் பார்க்கமாட்டேன்!"

கிளறி முன்னே நடக்க, புள்ளியன் தள்ளாடித் தள்ளாடிப் பின்னே போனது. பள்ளத்தில் கடமானைக் கண்டதும் அதன் கண் மலர்ந்தது. மறுகணமே முகம் சுருங்கியது.

"ஒரு தொடையைக் காணோமே?"

கிளறி நாக்கால் வாயைத் துடைத்துக்கொண்டது. "எல்லா நொதியும் எனக்கு உண்டு என்று சொன்னேனே!"

புள்ளியன் அதற்குள் மறு தொடையைக் கடித்துவிட்டது. அதன் வாய் நிறைய இறைச்சி.

நீதி: ஒவ்வோர் உணவையும் செரிக்க அதற்குரிய நொதி வேண்டும், ஒன்றை வைத்துக்கொண்டு எல்லாம் முடியும் என்று பெருமை பேசினால் பட்டினிதான் மிஞ்சும்.