மூவரி பெருக்கிய பாதை

அல்லிக்குளத்தின் மேற்குக் கரையில் முள்செடிகள் பின்னிக் கிடந்த ஒரு புதர்க்காடு இருந்தது. கௌதாரி, முயல், கீரி, அணில், கானாங்கோழி என்று பல குடும்பங்கள் அதற்குள் குடியிருந்தன. சுற்றிலும் முள் என்பதால் உள்ளே போக ஒரே ஒரு மணல் பாதைதான்.

பகலில் பெரியவை எல்லாம் மேயப் போய்விடும். குஞ்சுகளும் முட்டைகளும் தனியாக இருக்கும். போன கோடையில் ஒரு காட்டுப்பூனை அந்தப் பாதை வழியாக வந்து முயல் வீட்டுக் குட்டியைத் தூக்கிக்கொண்டு போனது. அதற்குப் பிறகுதான் எல்லாம் கூடி ஒரு காவல் குழு அமைத்தன. அதற்குக் கூலி கிடையாது, கட்டாயமும் கிடையாது. மனமுள்ளவை வந்தன. காலைக்கு ஒரு ஜோடி, மதியத்துக்கு ஒரு ஜோடி என்று முறை வைத்துக்கொண்டன.

வெயில் ஏறியதும் காலை ஜோடி கிளம்பிவிடும். மதிய ஜோடி வரும்வரை சற்று நேரம் பாதையில் யாரும் இருக்க முடியாது. அந்த நேரத்துக்கு மணல்தான் காவல். கிளம்பும் ஜோடி ஓர் ஈச்ச ஓலையை இழுத்து மணலைச் சமமாகப் பெருக்கிவிட்டுப் போகும். வரும் ஜோடி முதலில் மணலைப் பார்க்கும். புதிதாக யாருடைய கால் பதிந்திருக்கிறது, உள்ளூர்க் காலா, வெளியூர்க் காலா என்று தெரிந்துகொண்ட பிறகுதான் மற்ற வேலை.

மதியக் காவலுக்கு மூவரி என்ற அணிலும் கானாங்கோழியும் வந்தன. கானாங்கோழி நேராக உள்ளே போய் ஒவ்வொரு வீட்டு வாசலிலும் நின்று குரல் கொடுக்கும். பாதை மூவரியின் பொறுப்பு.

மூவரி போல யாராலும் பெருக்க முடியாது. ஓலையின் நுனியை வாயில் கவ்விக்கொண்டு பின்னாலேயே நகரும். அது பெருக்கிய மணல், காற்றில்லாத நாளில் குளம் கிடப்பதுபோல் கிடக்கும்.

முள்புதருக்கு வெளியே, பாதையோரம் ஒரு புற்று. அதன்மேல் ஓர் உடும்பு தினமும் வெயில் காயும். ஒருநாள் அது மூவரியைக் கூப்பிட்டது.

"தம்பி, உன் கைவேலையை நான் தினமும் பார்க்கிறேன். இந்தக் கரையிலே உன்னை மாதிரி யாரு பெருக்குறா?"

மூவரிக்கு வால் சிலிர்த்தது. "ஏதோ நம்மால ஆனது அண்ணே."

"ஆனா ஒரு குறை. நீ சாயங்காலம் பெருக்குற. அந்த நேரத்துல எல்லாம் பசியோட வீட்டுக்கு ஓடுதுங்க. யாரு கீழே குனிஞ்சு பார்க்குறா? மதியம் வந்ததும் முதல் வேலையா ஒரு தடவை பெருக்கிடு. தண்ணி குடிக்க வர்றவங்க, போறவங்க எல்லாரும் பார்ப்பாங்க. காவல்காரன்னா இப்படி இருக்கணும்னு சொல்வாங்க."

மூவரி யோசித்தது. உடும்பு சொன்னதில் தப்பாக ஒன்றும் தெரியவில்லை. ஒரு தடவைக்கு இரண்டு தடவை பெருக்கினால் நல்லதுதானே?

மறுநாள் மதியம் வந்ததும் மூவரி ஓலையை எடுத்துப் பெருக்கியது. உடும்பு சொன்னபடியே நடந்தது. முயல் பாதையோரமாக ஒதுங்கி நின்று, "மிதிக்கவே மனசு வரலையே மூவரி" என்றது. அதன் குட்டிகள் வாயைப் பிளந்து பார்த்தன. மூவரிக்கு அன்று முழுக்கப் பசியே எடுக்கவில்லை. அடுத்தடுத்த நாள்களும் வந்ததும் பெருக்கியது. கானாங்கோழி முன்னாலேயே உள்ளே போய்விடுவதால் இது அதற்குத் தெரியாது.

அந்தச் சமயத்தில் கௌதாரி புல் மறைவில் அடைகாத்துக்கொண்டிருந்தது. வெயில் ஏறியதும் ஒருமுறை குளத்துக்குப் போய்த் தண்ணீர் குடித்துவிட்டு வரும். ஒருநாள் திரும்பி வந்து பார்த்தால் ஒரு முட்டையைக் காணோம். மறுநாள் இன்னொன்று போயிற்று.

கௌதாரி போட்ட கூச்சலில் காடே கூடிவிட்டது.

"பாதையில யாரு வந்தது?" என்று முயல் கேட்டது.

"வெளியாள் யாரும் வரலை" என்றது மூவரி. "பாதையில ஒரு தடம்கூட இல்லை."

"அப்போ எடுத்தது உள்ளே இருக்கிற ஆள்தான்" என்றது முயல். பேசிக்கொண்டே கீரியைப் பார்த்தது. மற்றவையும் பார்த்தன. முட்டை தின்னும் பழக்கத்தை விட்டுவிட்டேன் என்று வாக்குக் கொடுத்துவிட்டுத்தான் கீரி அங்கே குடிவந்திருந்தது. அதற்கு இரண்டு குட்டிகள்.

"நான் எடுக்கலை" என்றது கீரி.

"வேற யாரு எடுத்தா? ஆமையா? கீரியோட வாக்கை நம்பினது எங்க தப்பு. பொழுது சாயறதுக்குள்ள குடும்பத்தோட கிளம்பிடு" என்றது முயல்.

கீரி சண்டைக்கு நிற்கவில்லை. குட்டிகளைத் தன் பக்கம் இழுத்துக்கொண்டது. பிறகு மூவரியிடம் கேட்டது: "நான் போறேன். ஒண்ணு மட்டும் சொல்லு. காலை ஜோடி பெருக்கிட்டுப் போன பிறகுதான் முயலு மேயப் போச்சு. கௌதாரி தண்ணிக்குப் போச்சு. அதுங்க தடம்கூடவா பாதையில இல்லை?"

மூவரி பாதையைத் திரும்பிப் பார்த்தது.

எப்படித் தடம் இருக்கும்? வந்ததும் பெருக்கியாயிற்றே. முயலின் தடத்தோடு, கௌதாரியின் தடத்தோடு, திருடனின் தடத்தையும் அல்லவா துடைத்தாயிற்று? யாரும் வரவில்லை என்று அடித்துச் சொன்னது, தான் பார்க்காத ஒன்றை.

இது வேறு யாருக்கும் தெரியாது. வாயை மூடிக்கொண்டிருந்தால் போதும், கீரி போய்விடும். நாளைக்கும் குட்டி முயல்கள் வந்து மணலைப் பார்த்து வாயைப் பிளக்கும். மூவரி கீரியின் குட்டிகளைப் பார்த்தது. சின்னது, எதற்கு எல்லாரும் கூடியிருக்கிறார்கள் என்றே தெரியாமல் அம்மாவின் வாலைக் கடித்து விளையாடிக்கொண்டிருந்தது.

"கீரி போகவேண்டாம்" என்றது மூவரி. "தப்பு என்னோடது. நான் தடம் பார்க்கவே இல்லை. வந்ததும் வராததுமா பெருக்கிட்டேன். பாதை அழகா இருந்தா நாலு பேர் மெச்சுவாங்கன்னு பெருக்கினேன். வந்தது யாருன்னு எனக்குத் தெரியாது. யாரும் வரலைன்னு சொன்னது பொய்."

"என் முட்டைங்க போச்சே" என்றது கௌதாரி.

"போச்சு அக்கா. என்னாலதான் போச்சு. இனிமே காவலுக்கு வேற நல்ல ஆளா பார்த்துக்குங்க." மூவரி ஓலையைக் கீழே வைத்தது.

"நல்லா இருக்கே கதை" என்றது கானாங்கோழி. "தப்பு பண்ணினவன் ஓலையை வெச்சுட்டு மரத்துல ஏறிப் படுத்துக்குவான். நாளை மதியம் இந்த வெயில்ல யாரு வந்து நிப்பா? முயலாரே, நீங்க வர்றீங்களா?"

முயல் காதை மடக்கிக்கொண்டு வேறெங்கோ பார்த்தது.

கௌதாரி மூவரியின் பக்கத்தில் வந்தது. அதன் கோபம் ஆறவில்லை. ஆனாலும் சொன்னது: "இன்னும் நாலு முட்டை இருக்கு. நீ சொல்லாம இருந்திருந்தா எனக்கு அதுவும் மிஞ்சியிருக்காது. கீரிதான்னு நம்பிக்கிட்டு அசந்து போயிருப்பேன். ஓலையை எடு. நாளைக்கு முதல்ல பாரு, அப்புறம் பெருக்கு."

"நாளைக்கு நானும் கூட நிக்கிறேன்" என்றது கீரி. முயல் கீரியின் அருகில் போய், வாய்க்குள்ளேயே ஏதோ மன்னிப்புக் கேட்டது. கீரி அதைப் பெரிதுபடுத்தவில்லை.

மறுநாள் வெயில் ஏறியது. காலை ஜோடி பெருக்கிவிட்டுப் போயிருந்தது. மூவரி ஓலையைத் தொடவே இல்லை. மூக்கு மணலில் படுகிற அளவுக்குக் குனிந்து அங்குலம் அங்குலமாகப் பார்த்தது. இது முயல். இது கௌதாரி, தண்ணிக்குப் போன கால். இதோ, இது என்ன? இரண்டு பக்கமும் நகம் அழுந்திய கால்கள். நடுவில் ஒரு வளைந்த கோடு. கனமான வாலை இழுத்துக்கொண்டு போன கோடு. உள்ளே போயிருக்கிறது, வெளியே வரவில்லை.

இந்த வாலை மூவரிக்கு நன்றாகத் தெரியும். புற்றைத் திரும்பிப் பார்த்தது. புற்று காலியாக இருந்தது.

கீரிக்கு உடனே பாய்ந்து போகவேண்டும் என்று துடித்தது. மூவரி தடுத்தது. "காவல் குழுவுக்கு ஒரு முறை இருக்கு. தனியா போய்ச் சண்டை போடக்கூடாது. முதல்ல குரல்."

மூவரி கீச்சிட்டது. கானாங்கோழி அதைக் கேட்டுக் கத்தியது. அந்தக் குரல் அடுத்த வாசலுக்கும், அதற்கு அடுத்த வாசலுக்கும் போயிற்று. மேய்ச்சலில் இருந்தவைகூட ஓடிவந்தன. எல்லாம் சேர்ந்து புல் மறைவைச் சூழ்ந்தபோது, உடும்பு கௌதாரியின் கூட்டுக்கு இரண்டடி தூரத்தில் நின்றது.

"வெயில் தாங்கலை. சும்மா நிழலுக்கு வந்தேன்" என்றது உடும்பு.

"வெயில் காயறதுக்குன்னே புற்று வெச்சிருக்கிற ஆளுக்கு இன்னிக்கு மட்டும் நிழல் வேணுமா?" என்று கேட்டது கானாங்கோழி.

உடும்பு மூவரியைப் பார்த்து இளித்தது. "தம்பி, நீயாவது சொல்லு. இன்னிக்குப் பாதை ஏன் இப்படிக் குப்பையா கிடக்கு? உன் பேரு என்ன ஆகும்?"

"கிடக்கட்டும் அண்ணே" என்றது மூவரி. "அந்தக் குப்பையிலதான் நீங்க யாருன்னு எழுதியிருக்கு."

கீரி ஓரடி முன்னால் வைத்தது. அவ்வளவுதான். வந்த பாதையிலேயே உடும்பு ஓட்டம் பிடித்தது. அந்தக் குளக்கரைப் பக்கமே அது பிறகு வரவில்லை.

சில நாள்களில் நான்கு முட்டைகளும் பொரிந்தன. கௌதாரி தன் குஞ்சுகளை முதன்முதலாக வெளியே கூட்டிக்கொண்டு வந்தது மதியக் காவல் நேரத்தில்தான். "இந்த வெயில்லயா குஞ்சுகளைக் கூட்டிட்டு வர்றே?" என்று மூவரியோடு பாதையில் நின்ற கீரி கேட்டது. கௌதாரி நிற்காமல் சொன்னது: "நீங்க ரெண்டு பேரும் நிக்கிற நேரமாச்சே."

பார்ப்பவர் மெச்சுவதற்காகச் செய்யும் காவல் திருடனுக்கே உதவும். தன் தவறைத் தானே ஒப்புக்கொண்டு மறுநாளும் வந்து நிற்பவரே ஊர் நம்பக்கூடிய காவலர்.