நன்னி ஏன் வாளை உறையில் போட்டாள்?

முதலில் ஏரியரசன் மீன் எல்லாம் தனக்கு என்றான். ஊர் பொறுத்துக்கொண்டது. அடுத்து, கரை மரங்களின் நிழலுக்குக் காவல் போட்டான். அதையும் பொறுத்துக்கொண்டது. மூன்றாவதாக, முறையிடப் போனவர்களின் குரலைப் பிடுங்கிச் சங்குக்குள் அடைத்தான். போனவர்கள் ஊமைகளாகத் திரும்பினார்கள். நான்காவதாக, மதகைப் பூட்டினான். அதற்குப் பிறகுதான் அந்தப் பூட்டு உடைந்தது. இந்த வரிசையை யாரும் மாற்றிச் சொல்லக் கூடாது. அரண்மனைக்காரர்கள் எப்போதும் கடைசியிலிருந்துதான் தொடங்குவார்கள்: “பூட்டை உடைத்தது யார்?”

‘ஏழாம் மதகு’ என்ற கணினி விளையாட்டின் கதை இது. அதில் நாம் நடத்திச் செல்லும் நாயகியின் பெயர் நன்னி. விளையாடி முடித்தவர்களில் முக்கால்வாசிப் பேர் அவளை முட்டாள் என்கிறார்கள். அவள் செய்ததைச் சொல்கிறேன், கேட்டுவிட்டு நீங்களே தீர்ப்புச் சொல்லுங்கள்.

பூட்டை உடைத்தவர்கள் இருவர். கூடன் கடப்பாரையால் நெம்பினான், நன்னி சம்மட்டியால் அடித்தாள். பூட்டு தெறித்ததும் பாய்ந்த தண்ணீர் கூடனை அடித்துக்கொண்டு போயிற்று. நன்னி மட்டும் கரையேறினாள். மறுநாளே மதகில் புதுப் பூட்டு தொங்கியது.

ஏரியரசன் சொல்லியனுப்பினான்: “உடைத்தவர் ஒருவரின் பெயரை, ஊரார் மூவர் சாட்சியாக, என் மண்டபத்தில் வாசியுங்கள். அந்த நொடியே மதகு திறக்கும். பெயருக்குரியவர் உயிரோடு இருந்தால் ஏரிக்கு அடியில் சிறை. இருந்தாலும் செத்தாலும் அவர் வீட்டு நிலத்துக்கு இனி எந்நாளும் தண்ணீர் முறை கிடையாது. பொய்ப் பெயரை வாசித்தால் வாசித்தவர் நாக்கு கல்லாகும்.”

நன்னிக்கு நிலமும் இல்லை, வீடும் இல்லை. கூடனுக்கோ செம்பி என்ற மனைவி இருந்தாள். மடைக்குக் கீழே ஒரு துண்டு வயல் இருந்தது. அதில் நெல் வாடிக்கொண்டிருந்தது.

இந்தக் கட்டத்தில் நன்னியின் கையில் எதையும் வெட்டும் தீவாள் வந்துவிடுகிறது. வாளோடு தனியாக மண்டபத்துக்குள் புகலாம் என்றுதான் விளையாடுகிறவர்கள் எதிர்பார்க்கிறார்கள். ஆனால் இனி முடிவெடுப்பவள் நன்னி. சண்டை போடுவது மட்டும்தான் நம் கையில். மற்றதில் எந்தப் பொத்தானை அழுத்தினாலும் அவள் நம் பேச்சைக் கேட்பதில்லை.

அவள் மூன்று பேரை உடன் அழைத்துக்கொண்டாள். ஒரு காலைத் தாங்கித் தாங்கி நடக்கும் ஓடக்காரன் ஈச்சன், குரலை இழந்த அவன் மைத்துனன் கோளன், மூன்றாவதாகச் செம்பி. வழியெல்லாம் நண்டு முகக் காவலர்கள் பாய்கிறார்கள். இந்த மூவர் மேலும் அடி விழாமல் பார்த்துக்கொள்ள வேண்டும். “ஈச்சனைக் கரைசேக்கிறதுக்குள்ள எனக்கு உசுரே போகுதுங்க, இவனுங்களை எதுக்கு இழுத்துக்கிட்டு வரணும்?” என்று திட்டாத ஆட்டக்காரர் இல்லை.

மண்டபத்துப் படியில் ஈச்சன் உட்கார்ந்துவிட்டான்.

“தாயி, அந்த வாளைக் கொஞ்சம் குடேன். ஊணிக்கிட்டு ஏறுறேன்.”

“தீவாள் அண்ணே. கை வெந்துபோகும்.”

“எங் காலு படுற பாட்டுக்குக் கை வெந்தா தேவலை.”

“பேச்சைக் கொறைச்சா மூச்சு மிஞ்சும், ஏறுங்க,” என்றாள் செம்பி. பிறகு நன்னியின் பக்கத்தில் வந்து தாழ்ந்த குரலில் சொன்னாள்: “பயிரு இன்னும் சாகலடி. காலையில தொட்டுப் பாத்தேன், அடித்தண்டு பச்சையாத்தான் இருக்கு. தண்ணி வந்தா பொழைச்சுக்கும்.”

நன்னி மேலே பார்த்து நடந்தாள்.

மண்டபத்தில் ஏரியரசன் கைக்கெட்டும் தூரத்தில் இருந்தான். காவலுக்கு ஒருவரும் இல்லை.

“வாளோட வந்திருக்கே. சண்டைக்கா?” என்று சிரித்தான்.

“தண்ணிக்கு,” என்றாள் நன்னி. வாளை உறையில் போட்டாள்.

விளையாடுகிறவர்கள் தலையில் அடித்துக்கொள்ளும் இடம் இதுதான். ஒரே வெட்டில் முடித்திருக்கலாமே என்கிறார்கள். இரண்டு கட்டங்களுக்கு முன்பு அவர்கள் வடக்கு ஏரியைக் கடந்து வந்திருக்கிறார்கள். அந்த ஏரியின் அரசனை யாரோ ஒரு வீரன் கொன்றானாம். அரசனோடு தண்ணீரும் போய்விட்டது. வெடித்துக் கிடந்த அந்தச் சேற்றின் மேல்தான் ஓடி வந்தார்கள். ஓடுகிறவர்கள் கீழே பார்ப்பதில்லை.

ஏரியரசன் ஈரப்பலகை ஒன்றை நீட்டினான். நன்னி யோசித்தாள். தன் பெயரை எழுதினால் சிறை. அவன் ஐந்தாவது அநியாயத்தைத் தொடங்கும்போது எதிர்த்து நிற்க ஊரில் ஆள் இருக்காது. கூடனை இனி எந்தச் சிறையும் ஒன்றும் செய்ய முடியாது. இரண்டு பெயரும் உண்மைதான். எழுதினாள்.

“சாட்சிகள் கேட்கட்டும்,” என்றான் ஏரியரசன்.

நன்னி உரக்க வாசித்தாள்: “செம்பி வீட்டுக் கூடன்.”

சாட்சிகளை இழுத்துக்கொண்டு போனது, வாளை உறையில் போட்டது, கூடனின் பெயரை வாசித்தது. நன்னி எடுத்த இந்த மூன்று முடிவுகளில் மடமை எது, நியாயம் எது?

விடை: முதல் இரண்டும் அறிவுள்ள முடிவுகள். பேச்சுவார்த்தைக்குத் தனியாகப் போய் வருகிறவரை ஊர் நம்பக் கூடாது, நன்னிக்கு அது தெரிந்திருந்தது. வாள் அரசனைக் கொல்லும், மதகைத் திறக்காது. மூன்றாவதும் மடமை அல்ல, ஊர் முழுவதும் பிழைக்க ஒரு துண்டு வயலைக் கொடுத்தாள். ஆனாலும் அது அநியாயம். தன் பெயரைக் கொடுக்கவும் கொடுக்காமல் இருக்கவும் அவளுக்கு உரிமை உண்டு. கூடன் பெயரோடு போனதோ செம்பியின் வயல். கேட்டிருந்தால் செம்பி சரி என்றே சொல்லியிருக்கலாம். மாட்டேன் என்றும் சொல்லியிருக்கலாம். அதற்குப் பயந்துதான் நன்னி கேட்கவில்லை. இப்படி முடித்துக்கொண்டு வந்து ஊரில் மாலை வாங்கியவர்களை நாமும் பார்த்திருக்கிறோம். எதிரியின் மண்டபத்தில் நிமிர்ந்து நின்றவளுக்கு, கூட வந்தவளின் முகத்தைப் பார்த்து ஒரு வார்த்தை கேட்கத் துணிவில்லை.