பெயர் கேட்ட வாசல்

முன்னொரு காலத்தில், மேற்குக் கடலில் மழை ஓயாத அயர்லாந்துத் தீவிலே லோர்கன் என்றொரு ராஜா இருந்தான். முடிசூடும் நாளில் ராஜாவுக்கு ஒரு விலக்கு சொல்வது அந்த ஊர் வழக்கம். மீறினால் நாடு பாழ். லோர்கனுக்குச் சொன்ன விலக்கு இது: "விருந்தாளி சாப்பிடும் முன் பெயரைக் கேட்காதே!"

ஒன்பது வருஷம் நாட்டில் பால் பொங்கியது. பத்தாம் வருஷம் தால்வக் என்ற மந்திரவாதி வந்து ராஜாவின் காதைக் கடித்தான்.

"மகாராஜா, எதிரி பிச்சைக்கார வேஷத்துல வரப்போறான். நீங்களே வாசல்ல உட்கார்ந்து பேரைக் கேளுங்க. விலக்காவது ஒண்ணாவது!"

ராஜாவும் வாசலில் உட்கார்ந்து, வந்தவர்களிடம் பெயரைக் கேட்டான். அன்றைக்கே நூறு பசுக்களுக்கும் மடி வற்றியது. ஒரு வருஷமாகியும் சொட்டுப் பால் இல்லை. தன் கேள்விதான் காரணம் என்று ராஜாவுக்கு உறைத்ததா? இல்லை. சந்தேகம் பிடித்தவனுக்குத் தன்னைத் தவிர எல்லாரும் திருடன்! முதலில் ராணியைச் சந்தேகப்பட்டான், பிறகு மந்திரியை, கடைசியில் வாசல் காக்கும் பெண் மூரினை.

"சூனியக்காரி நீதான்! மூணு நாள்ல பால் சுரக்கலேன்னா துடுப்பில்லாத படகுல ஏத்திக் கடல்ல விட்டுடுவேன்!"

 மூரின் யோசித்தாள். 'எல்லாரையும் சந்தேகப்படச் சொல்றானே இந்த மந்திரவாதி, அவனை யார் சந்தேகப்படுறது?' விருந்துக்கூடத்தில் எட்டிப் பார்த்தாள். தால்வக்கின் ரொட்டி மேஜைக்கு அடியில் நாய்க்குப் போய்க்கொண்டிருந்தது.

அன்று வாசலுக்கு ஒரு கிழவி வந்தாள்.

"பேரென்ன?" என்றான் ராஜா.

"முதல்ல ரொட்டி, அப்புறம் பேரு."

"போ வெளியே!"

மறுநாளும் கிழவி வந்தாள். அதே கேள்வி, அதே பதில், அதே விரட்டல். தால்வக்கின் ரொட்டியும் அதே நாய்க்கு. 'வந்தவளைத் தின்னவிடலை, இவனும் தின்னலை. முடிச்சு ரொட்டியிலதான் இருக்கு' என்று மூரினுக்குப் பட்டது.

மூன்றாம் நாள். கரையில் படகு தயார். கிழவி வந்தாள். ராஜா வாயைத் திறப்பதற்குள், மூரின் மடியிலிருந்த ரொட்டியைப் பிய்த்துக் கிழவி வாயில் திணித்துவிட்டாள்! கிழவி மென்றாள், விழுங்கினாள்.

"இப்போ கேளுங்க, மகாராஜா."

"பே... பேரென்ன?"

"நான்தான் இந்த நாட்டு மண்ணு. ரெண்டு நாளா நீ விரட்டினது என்னைத்தான்."

சொல்லும்போதே அவள் சுருக்கமெல்லாம் மறைந்து இளம்பெண்ணாகி நின்றாள். தொழுவத்தில் பசுக்கள் கறக்காமலே பால் சொரிந்தன.

மூரின் மீதி ரொட்டியைத் தால்வக்கிடம் நீட்டினாள். "ஒரு வருஷமா இங்க ஒரு வாய் சாப்பிடலையே, ஐயா? உண்ட வீட்டுக்கு ரெண்டகம் பண்ணினா மந்திரம் பலிக்காதோ?"

ராஜாவுக்கு முதன்முதலாகச் சரியான ஆள்மேல் சந்தேகம் வந்தது. "தின்னுடா!" என்றான்.

ஒரு கவளம்தான். தால்வக்கின் தோளில் கறுப்பு இறகு முளைத்தது. காக்கையாகி, கரைந்துகொண்டே மதிலைத் தாண்டிப் பறந்தான்.

ராஜாவை வெட்கம் பிடுங்கித் தின்றது. மூரினிடம் மன்னிப்புக் கேட்டு, ஐம்பது பசுக்களையும் விருந்தில் தனக்குப் பக்கத்து ஆசனத்தையும் கொடுத்தான். அவளோ அந்தப் படகையும் கேட்டு வாங்கி, துடுப்புப் போட்டு மீன்பிடிக்கப் போனாள்.

பிறகு அந்த வாசலில் யாரும் சாப்பாட்டுக்கு முன் பெயர் கேட்கவில்லை. ஆனால் ஒவ்வொரு விருந்திலும், தட்டில் ரொட்டியை மிச்சம் வைப்பது யார் என்று மூரினின் ஒரு கண் மட்டும் பார்த்துக்கொண்டே இருந்தது.