படத்தின் ஓரம்

அருளாந்துக்கு யானையிடம் பயம் கிடையாது. அதை அவரே பெருமையாகச் சொல்லிக்கொள்வார். தூத்துக்குடித் துறைமுகத்தில் கிரேன் ஓட்டி ஓய்வுபெற்றவர். உயரத்தில் உட்கார்ந்து பழகிய உடம்பு, பாரத்தை இம்மி பிசகாமல் இறக்கிய கை. ஓய்வுக்குப் பிறகு கேமரா வாங்கினார். யானைகளைத் தேடி வால்பாறைத் தேயிலைத் தோட்டங்களுக்கு வர ஆரம்பித்தார்.

அங்கேதான் படமெடுக்கக் கற்றுக்கொள்ள சுபைதாவிடம் சேர்ந்தார். தோட்டங்களுக்குள் யானைகள் எந்தப் பக்கம் வருகின்றன, எந்தப் பக்கம் போகின்றன என்று படமெடுத்துப் பதிவு செய்வது அவள் வேலை. அவருடைய மகளைவிடச் சின்னவள். இருந்தாலும் அவர் அவளை டீச்சர் என்றுதான் கூப்பிடுவார்.

ஒரு நாள் மத்தியானம் அவளிடம் கேட்டார்.

"டீச்சர், என் படம் எல்லாத்துலயும் என்னமோ ஒண்ணு குறையுது. நல்ல லென்ஸ்தான். கிட்டப் போய்த்தான் எடுக்கேன். என்ன குறையுதுன்னு பிடிபட மாட்டேங்குது."

"எடுத்த பிறகு என்ன பண்றீங்க?"

"நல்லா வந்ததை எடுத்து வச்சுக்குவேன்."

"எடிட் பண்ண உட்கார மாட்டீங்களா?"

"அது பொய் வேலை டீச்சர். கலரை ஏத்தி, கறுப்பை வெளுப்பாக்கி... நான் கண்ணால பார்த்தது அப்படியே இருந்தாப் போதும்."

சுபைதா கம்ப்யூட்டர் முன்னால் ஒரு நாற்காலியை இழுத்துப் போட்டாள்.

"நேத்து எடுத்ததைத் திறங்க சார்."

முந்தைய நாள் சாயங்காலம் அவர் டிரைவர் விக்டரோடு ஜீப்பில் போயிருந்தார். ஓடைக் கரையில் ஒரு கொம்பன் யானை நின்றிருந்தது. அவர் ஜீப்பைவிட்டு இறங்கி நடந்துபோய் எடுத்த படம் அது. தும்பிக்கையிலிருந்து தண்ணீர் சொட்டுகிறது. முதுகில் மஞ்சள் வெயில். இடது பக்க ஓரத்தில் உண்ணிச்செடிப் புதர், மை பூசினாற்போல் கறுப்பாக.

"நல்லா இருக்கு," என்றாள் சுபைதா. "புதருக்குள்ள என்ன இருந்துச்சு?"

"ஒண்ணுமில்ல. புதர்தான்."

அவள் மவுஸை எடுத்தாள். திரையில் இருட்டான பகுதிகளை மட்டும் வெளிச்சமாக்கும் ஸ்லைடரைப் பிடித்து மெல்ல வலப்பக்கம் இழுத்தாள். கறுப்பு சாம்பலாயிற்று. இலைகள் தெரிந்தன. இலைகளுக்குப் பின்னால் பாறை ஒன்று தெரிந்தது.

இன்னும் கொஞ்சம் இழுத்தாள். பாறையில் சுருக்கங்கள் இருந்தன.

சுருக்கங்களுக்கு நடுவே ஒரு கண் இருந்தது.

அருளாந்து நாற்காலியை விட்டு எழுந்துவிட்டார். பிறகு மறுபடி உட்கார்ந்தார். புதருக்கும் அவருக்கும் இடையே ஒரு ஜீப்பின் நீளம்கூட இருக்கவில்லை. அது அவருக்கு நன்றாக நினைவிருந்தது. ஏனென்றால் புதர் முள் சட்டையில் மாட்டி, அதை எடுத்துவிட்டுத்தான் படம் எடுத்திருந்தார்.

"கீழே பாருங்க," என்றாள் சுபைதா.

பெரிய கால்களுக்கு நடுவே சின்னக் கால்கள் தெரிந்தன. குட்டி.

"இதுக்கு அப்புறம் என்ன பண்ணீங்க சார்?"

"இடது பக்கம் நகர்ந்தேன். அங்கேயிருந்து கொம்பு நல்லாத் தெரிஞ்சுது."

"புதர் பக்கம்."

"ஆமா."

அவள் அடுத்த படத்தைத் திறந்தாள். வெளிச்சத்தைக் கூட்டினாள். தாய் யானையின் காது விரிந்திருந்தது. அதற்கடுத்த படத்தில் தும்பிக்கை உள்ளே சுருண்டிருந்தது. ஓடைக் கரையில் நின்ற கொம்பன் தலையைத் திருப்பியிருந்தது.

"கொம்பன் என்னைப் பார்க்குதுன்னு நினைச்சேன்," என்றார் அருளாந்து. "நல்ல போஸ்னு நினைச்சேன்."

கொம்பன் அவரைப் பார்க்கவில்லை. அவருக்குப் பக்கத்தில் இருந்த புதரைப் பார்த்துக்கொண்டிருந்தது.

அதற்கு மேல் படம் இல்லை. விக்டர் ஹாரன் அடித்துவிட்டார். கொம்பன் ஓடையைத் தாண்டிப் போய்விட்டது. படம் கெட்டுப்போன கோபத்தில் அருளாந்து திரும்பும் வழியெல்லாம் அவரைத் திட்டிக்கொண்டே வந்தார்.

"விக்டர் அதைப் பார்த்துட்டுத்தான் அடிச்சாரோ?"

"ஏன் அடிச்சீங்கன்னு காலையில அவர்கிட்ட கேட்டேன். பின்னாடி பால் வண்டி வந்துச்சாம். வழி விட ஜீப்பை எடுக்கணும்னு உங்களைக் கூப்பிட அடிச்சாராம்."

அருளாந்து தன் கையைப் பார்த்தார். விரல்கள் ஆடிக்கொண்டிருந்தன. மற்றக் கையால் பிடித்துக்கொண்டார். பிடித்த கையும் ஆடியது.

"நான் ஊருக்குப் போறேன் டீச்சர்."

"போங்க. மீதியையும் பார்த்துட்டுப் போங்க."

"வேற எதுலயும் இப்படி இருக்காது."

அவள் மவுஸை அவர் பக்கம் தள்ளி வைத்துவிட்டு எழுந்துபோனாள்.

அவர் ஊருக்குப் போகவில்லை. பார்க்கவும் பயம், பார்க்காமல் போகவும் பயம். பழைய படங்களை ஒவ்வொன்றாகத் திறந்தார். இதுவரை யானையைத்தான் முதலில் பார்ப்பார். இப்போது யானை இருந்த நடுப்பகுதிக்குப் போகவே கண் மறுத்தது. நான்கு ஓரங்களையும் சுற்றி வந்தது. கறுப்பு எங்கே இருந்தாலும் அங்கே நின்றது.

பெரும்பாலும் ஒன்றுமில்லை. கல், வேர், சரிந்த மண். ஆனால் அதை உறுதி செய்வதற்குள் ஒவ்வொரு தடவையும் நெஞ்சு அடித்துக்கொண்டது.

சிலவற்றில் இருந்தது. ஊரில் அவர் வீட்டுக் கூடத்தில் மாட்டியிருந்த படமும் அதில் ஒன்று. பாதையில் யானை நேருக்கு நேர் நிற்கும் படம், வந்தவர்களெல்லாம் பாராட்டியது. அதன் வலது ஓரத்தைக் கண்ணாடிச் சட்டம் மறைத்திருந்தது. இங்கே திரையில் மறைக்க எதுவுமில்லை. அந்த ஓரத்தில், யானைக்குப் பின்னால், மதகுச் சுவரோடு ஒட்டிக்கொண்டு ஒரு பெண் குந்தியிருந்தாள். கொழுந்துப் பையைத் தலைக்குமேல் பிடித்திருந்தாள். யானை போக வழியில்லாமல் நின்றது. வழியில் கேமராவோடு நின்றது அவர்தான். வெளிச்சம் மாறட்டும் என்று வெகுநேரம் நின்றிருந்தார்.

அந்தப் படத்தை அவர் மூடவில்லை. சுபைதா வந்தபோது திரையில் அது அப்படியே இருந்தது. அவள் பார்த்தாள்.

"அந்தம்மாவுக்கு அப்புறம் என்ன ஆச்சுன்னு எனக்குத் தெரியல டீச்சர். இப்படி ஒருத்தங்க இருந்ததே தெரியல."

"அடுத்ததைப் பாருங்க சார்," என்றாள் அவள்.

அதற்குப் பிறகு ஒரு நாள் காலை சுபைதா வேறு தோட்டத்துக்குப் போகவேண்டியிருந்தது. மேல் சரிவில் அதே கொம்பன் நிற்பதாகச் செய்தி வந்தது. விக்டர் ஜீப்பை எடுத்தார். போகவேண்டாம் என்று சொல்ல வாயெடுத்த அருளாந்து, ஏறி உட்கார்ந்தார்.

கொம்பன் தேயிலைக்கு நடுவே வெயிலில் நின்றது. தந்தத்தில் மண் அப்பியிருந்தது. அவர் பாதையோரம் இறங்கிக் கேமராவைக் கண்ணில் வைத்தார். விரல் பொத்தானுக்குப் போனது. கண் ஓரத்துக்குப் போனது.

கீழ் ஓரத்தில், வளைவில், கொழுந்துப் பைகளோடு பெண்கள் மேலேறி வந்துகொண்டிருந்தார்கள். அவர்களுக்கு மேட்டுக்கு அந்தப்புறம் என்ன நிற்கிறது என்று தெரியாது. மேல் ஓரத்தில் சவுக்கு மர நிழல். காற்றடித்தது. நிழலில் எல்லாம் அசைந்தன. ஓரிடத்தில் மட்டும் கறுப்பு அசையவில்லை.

அவர் கேமராவை இறக்கினார். ஜீப்பில் இருந்த விக்டரிடம் கையைக் காட்டி எஞ்சினை நிறுத்தச் சொன்னார். பிறகு பாதையில் கீழ்நோக்கி, ஓடாமல், கல் உருளாமல் இறங்கினார். பெண்களுக்கு முன்னால் போய்க் குறுக்கே நின்றார்.

"என்ன சார், கொழுந்து எடை போடுற நேரத்துல வழியை மறிச்சுக்கிட்டு," என்றாள் முன்னால் வந்தவள்.

சொல்லப் பார்த்தார். குரல் வரவில்லை. மேட்டைக் காட்ட விரலை நீட்டினார். நீட்டிய விரல் உதறிக்கொண்டே இருந்தது. அவள் மேட்டைப் பார்க்கவில்லை, அந்த விரலைத்தான் பார்த்தாள். பின்னால் வந்தவர்களைக் கையால் தடுத்து நிறுத்தினாள்.

சவுக்கு நிழலிலிருந்து தாய் யானை வந்தது. அதன் வயிற்றுக்கடியில் குட்டி. பெண்கள் இன்னும் கொஞ்சம் நடந்திருந்தால் எங்கே இருந்திருப்பார்களோ, அந்த இடத்தில் பாதையைக் கடந்தது. குட்டி நடுப்பாதையில் நின்று மண்ணை முகர்ந்தது. தாய் திரும்பிக் காது விரித்து அவர்களைப் பார்த்தது. குட்டி நகர்ந்தது. கொம்பனும் மேட்டிலிருந்து இறங்கிப் பின்னாலேயே போயிற்று.

குட்டி நின்ற அந்தக் கணத்தில், பெண்களுக்குப் பின்னால் நகர்ந்திருந்த அவர், அவர்களின் தோள்களுக்கு மேலாக ஒரே ஒரு படம் எடுத்திருந்தார்.

சாயங்காலம் சுபைதா அதைத் திரையில் திறந்தாள். முன்னால் கொழுந்துப் பைகள், நின்றுபோன பெண்களின் முதுகுகள். அப்பால் பாதை. தாய், குட்டி, மேட்டில் கொம்பன். மேல் ஓரத்தில் சவுக்கு நிழல் கறுப்பாக இருந்தது.

அவள் மவுஸைத் தொட்டாள். அருளாந்து மூச்சைப் பிடித்துக்கொண்டார்.

கறுப்பு வெளுத்தது. பெரணிச் செடிகள் தெரிந்தன, ஒரு முறிந்த கிளை தெரிந்தது. வேறொன்றுமில்லை. அவள் ஸ்லைடரைப் பழைய இடத்துக்கே கொண்டுவந்தாள். படம் முன்போல் ஆயிற்று.

"டீச்சர்," என்றார் அருளாந்து. "முப்பது வருஷம் கிரேன்ல இருந்தேன். ஒரு நாள் கை ஆடினதில்ல. இத்தனை யானைக்கு முன்னாடி நின்னேன், ஆடினதில்ல. இங்க உட்கார வச்சு நீங்கதான் பயத்தைக் குடுத்தீங்க. இன்னைக்குப் பூரா ஆடுச்சு. இப்பவும் ஆடுது, பாருங்க. இனிமே நான் எப்படிப் படம் எடுப்பேன்?"

கையை நீட்டிக் காட்டினார்.

சுபைதா அவர் கையைப் பார்க்கவில்லை. படத்தைப் பெரிதாக்கினாள். இன்னும் பெரிதாக்கினாள். குட்டியின் கண்ணிமை மயிர் தனித்தனியாகத் தெரிந்தது.

"படம் ஆடலையே, சார்," என்றாள்.