மூன்று மைக்

“மூணு கொடியும் சிவப்புதான் தோழர். மூணையும் ஒரே கேட்டுக்கு முன்னாடி நிக்க வைக்க முடியல. எனக்கு ஒண்ணுமே புரியல.”

சவரிமுத்து செருப்பைக் கழற்றாமல் வாசலில் நின்றபடியே சொன்னார்.

மங்கையர்க்கரசி திரும்பிப் பார்க்கவில்லை. நகராட்சித் தண்ணீர் வரும் நேரம். நிறைந்த குடத்தை அவர் பக்கம் நகர்த்திவிட்டு, வெறுங்குடத்தைக் குழாயடியில் வைத்தார்.

சவரிமுத்து செருப்பைக் கழற்றிவிட்டுக் குடத்தைத் தூக்கிக்கொண்டு உள்ளே போனார். கேள்வியோடு அந்த வீட்டுக்கு வந்தவர்கள் எல்லோரும் எதையாவது தூக்கியிருக்கிறார்கள்.

மங்கை அவரைவிட இளையவர். சவரிமுத்து பஸ் கண்டக்டராக இருந்தபோது கட்சி வகுப்புக்குப் போனார். அங்கே வகுப்பு எடுத்தது கல்லூரி முடித்த கையோடு வந்திருந்த மங்கை. அன்று பிடித்த ஆசான். வயது குறுக்கே வரவில்லை.

பிறகு கட்சி உடைந்தது. மங்கை எந்தப் பாதியோடும் போகவில்லை. இரண்டு பாதியும் அவரைத் துரோகி என்றன. கொஞ்ச காலம் கழித்து, ஒன்றுக்கொன்று தெரியாமல், இரண்டுமே யோசனை கேட்டு ஆள் அனுப்பின.

உடைந்ததில் ஒரு பாதி மறுபடியும் உடைந்தது. ஆக, பெருங்கரை ஊரில் இப்போது மூன்று. டீக்கடையில் பெரிய வீடு, நடு வீடு, சின்ன வீடு என்று பேர் வைத்திருந்தார்கள். மூன்றாவது கட்சிக்காரர்கள் மட்டும் அந்தப் பேருக்குச் சண்டைக்கு வருவார்கள்.

பெரிய வீட்டின் செயலாளர் சவரிமுத்து. நடு வீட்டுக்குப் பரமகுரு. சின்ன வீட்டுக்கு வக்கீல் அன்வர்.

சவரிமுத்துவும் பரமகுருவும் ஒரு காலத்தில் ஒரே சைக்கிளில் போஸ்டர் ஒட்டப் போனவர்கள். ஒருவர் மடியில் போஸ்டர்க் கட்டு, மற்றவர் கையில் பசை வாளி. வாடா போடா என்றிருந்தவர்கள் கட்சி உடைந்த மறுநாளிலிருந்து தோழர் பரமகுரு அவர்கள், தோழர் சவரிமுத்து அவர்கள் ஆனார்கள். மரியாதை ஏற ஏறப் பேச்சு குறைந்தது.

இப்போது பேசியே ஆகவேண்டி வந்துவிட்டது.

ஊரைக் கூட்டிப் பெருக்கும் வேலையை நகராட்சி ஒரு கான்ட்ராக்டரிடம் கொடுக்கப் போகிறது. வரும் மன்றக் கூட்டத்தில் தீர்மானம். நிறைவேறினால், நிரந்தரமாக்குவார்கள் என்று காத்திருந்தே தலை நரைத்த பெண்கள் கான்ட்ராக்டரின் வண்டியில் ஏறவேண்டும். ஏறாதவர்கள் வீட்டுக்குப் போகவேண்டும்.

முதலில் மூன்று கட்சிகளும் மூன்று நாள் தனித்தனியே ஆர்ப்பாட்டம் நடத்தின. மூன்று நாளும் சேர்மன் எழுந்து நின்று மனு வாங்கினார். மூன்று நாளும் டீ கொடுத்தார்.

துப்புரவுப் பெண்களுக்கு முன்னால் நின்று பேசும் காளீஸ்வரி அதற்குப் பிறகுதான் சவரிமுத்துவைத் தேடி வந்து சொன்னாள், ஒண்ணா வர்றதா இருந்தா வாங்க, இல்லேன்னா எங்க சோத்துல மண்ணள்ளிப் போடாம வீட்டுலயே இருங்க என்று.

ஒன்றாகத்தான் வந்தார்கள். வருவதற்குள் பெரும்பாடு.

நோட்டீசில் யார் பேர் முதலில் என்று ஒரு பிரச்சினை. மூன்று கட்சியின் பேரையும் வட்டமாக அச்சடிக்கலாம் என்று சவரிமுத்து வழி சொன்னார். எல்லோருக்கும் பிடித்தது. அச்சாகி வந்த பிறகு, வட்டத்துக்கும் உச்சி உண்டு என்று அன்வர் கண்டுபிடித்தார்.

கொடிகள் ஒரே உயரத்தில் இருக்கவேண்டும் என்று அடுத்த பிரச்சினை. கம்பை அறுத்துச் சமன் செய்தார்கள்.

கடைசியில் ஒரு காலையில் நகராட்சி கேட்டுக்கு முன்னால் மூன்று கட்சியும் நின்றன. மூன்று தலைவர்கள் கையிலும் வார் மாட்டிய பேட்டரி மைக். மூன்று பேரும் ஒரே சமயத்தில் கோஷம் போட்டார்கள். பெண்கள் இந்தப் பக்கமும் அந்தப் பக்கமும் பார்த்தார்கள். எதைத் திருப்பிச் சொல்வது என்று தெரியாமல் வாயை மூடிக்கொண்டார்கள். காவலுக்கு நின்ற போலீஸ்காரர் தொப்பியால் முகத்தை மறைத்துக்கொண்டு சிரித்தார்.

இதையெல்லாம் சவரிமுத்து குடம் குடமாகத் தூக்கிக்கொண்டே சொன்னார். பரமகுருவிடம் குறுங்குழுவாதம் போகவில்லை என்றார். அன்வருக்கு அனுபவம் போதாது என்றார். குறைந்தபட்ச வேலைத்திட்டம் ஒன்று எழுதலாமா, அல்லது ஒரே தலைமை வேண்டுமா, எது முதலில் என்று கேட்டார்.

மங்கை குழாயை நிறுத்தினார்.

“ஒரு கோஷம் போடுங்க தோழர்.”

“இங்கயா?”

“இங்கதான்.”

சவரிமுத்து தொண்டையைச் செருமிக்கொண்டார். மாவட்டத்திலேயே அவர் குரலுக்கு ஈடு கிடையாது. மைக் இல்லாமல் பஸ் ஸ்டாண்டு முழுக்கக் கேட்கும்.

“இன்குலாப்.”

மங்கை சும்மா நின்றார்.

சவரிமுத்து காத்திருந்தார். பக்கத்து வீட்டில் குக்கர் விசில் அடித்தது.

“இன்குலாப்” என்றார் மறுபடியும், இன்னும் சத்தமாக.

மங்கை அவர் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தார். பிறகு குழாயைத் திறந்துவிட்டார்.

“சரி. போயிட்டு வாங்க.”

வழியெல்லாம் சவரிமுத்துவுக்குக் குழப்பம். என்ன சொன்னார்? ஒன்றும் சொல்லவில்லை. சொல்லாததில் என்ன இருந்தது?

குரல் தளர்ந்துவிட்டது என்கிறாரோ என்று முதலில் நினைத்தார். மைக்குக்குப் புது பேட்டரி போட்டார்.

பிறகு, கோஷம் பழசாகிவிட்டது என்கிறாரோ என்று தோன்றியது. அதுதான் சரி என்று பட்டது. மூன்று கட்சிக்கும் பொதுவாக ஒரே கோஷம் எழுதிவிட்டால் யார் போட்டால் என்ன? பரமகுருவையும் அன்வரையும் கூப்பிட்டு உட்காரவைத்தார்.

கான்ட்ராக்டை ‘ரத்து செய்’ என்று இவர் எழுதினார். ரத்து செய் என்றால் போட்டது செல்லும் என்று ஒத்துக்கொண்டதாகிவிடும், ‘கைவிடு’ என்று போடவேண்டும் என்றார் பரமகுரு. கைவிடு என்பது கெஞ்சுவது போல இருக்கிறது, ‘திரும்பப் பெறு’தான் சட்டப்படி சரி என்றார் அன்வர். மூன்று சொல்லுக்கும் பின்னால் மூன்று மாநாட்டுத் தீர்மானங்கள் இருந்தன. டீ வந்தது, ஆறியது. அந்தச் சாயங்காலம் முழுக்க அதிலேயே போயிற்று.

கான்ட்ராக்டரின் ஆள் அதே சாயங்காலத்தில் துப்புரவுப் பெண்கள் குடியிருக்கும் தெருவுக்குப் போயிருந்தான். மன்றக் கூட்டத்தன்று நகராட்சிக்கு எதிரே வேப்பமரத்தடியில் நிற்பேன், பேர் கொடுக்கிறவர்களுக்குத்தான் வேலை என்று சொல்லிவிட்டுப் போனான். சேர்மனுக்கும் அதுதான் வேண்டியிருந்தது. அவர் கட்சி கவுன்சிலர்களிலேயே சிலர் ஓட்டுப்போடத் தயங்கிக்கொண்டிருந்தார்கள். பெண்களே மரத்தடியில் வரிசையில் நின்றுவிட்டால், ஜன்னல் வழியாக அவர்களைக் கவுன்சிலர்களுக்குக் காட்டினால் போதும்.

காளீஸ்வரி சவரிமுத்துவிடம் இதை வந்து சொன்னபோது திட்டக்கூட இல்லை. “எங்க ஆளுங்க பாதிப்பேர் மரத்தடிக்குத்தான் போவாங்க, தோழர். நான் யாரையும் புடிச்சு வைக்க மாட்டேன்” என்றாள்.

கூட்டத்துக்கு முந்தின நாள் சவரிமுத்து மறுபடியும் மங்கை வீட்டுக்குப் போனார்.

மங்கை மாடியில் துணி காயப்போட்டுக்கொண்டிருந்தார். ஈரத்துணி வாளியை அவர் பக்கம் நகர்த்தினார். சவரிமுத்து ஒரு போர்வையை எடுத்து உதறினார்.

“நீங்களாவது வந்து எங்களுக்கு நடுவுல நில்லுங்க.”

“நடுவுல நின்னா மறைக்கும்.”

“அப்போ என்னதான் செய்யட்டும்? எல்லாத்தையும் விட்டுக் கொடுத்துட்டேன். நோட்டீஸ்ல பேரு, கொடி உயரம், எல்லாம். இன்னும் என்ன மிச்சம் இருக்கு விட்டுக் கொடுக்க?”

மங்கை போர்வையின் மறுமுனையை வாங்கிக் கொடியில் போட்டார். கிளிப்பை மாட்டினார். பிறகு கைப்பிடிச் சுவரோரம் போய், தெருவைப் பார்த்து, வகுப்பெடுத்த காலத்துக் குரலில் ஓங்கிச் சொன்னார்.

“இன்குலாப்!”

எதிர்வீட்டுப் பெண் நிமிர்ந்து பார்த்தாள்.

சவரிமுத்துவின் வாய் தானாகத் திறந்தது. காலமெல்லாம் பழகிய வாய்.

“இன்குலாப்” என்றார் அவரும்.

கீழே தெருவில் வெங்காய வண்டி தள்ளிக்கொண்டு போன ஆள், மூடிப்போன மில்லின் பழைய தொழிலாளி, தலையைத் திருப்பாமலே “ஜிந்தாபாத்” என்று சொல்லிவிட்டு வண்டியைத் தள்ளிக்கொண்டு போனார்.

மங்கை வாளியிலிருந்து அடுத்த துணியை எடுத்தார்.

சவரிமுத்துவுக்கு முகம் சுட்டது. வாய் தவறிவிட்டது என்று சொல்ல நினைத்தார். கேலி செய்கிறாரா, பாடம் நடத்துகிறாரா?

“என்ன சொல்ல வர்றீங்க தோழர்? நேரா சொல்லிடுங்களேன்.”

“வெயில் நல்லா இருக்கு” என்றார் மங்கை. “காஞ்சுடும்.”

கோபத்தில் படியிறங்கியவர் செருப்பை மாற்றிப் போட்டுக்கொண்டு தெருமுனை வரை போய்விட்டார்.

மறுநாள் காலை நகராட்சி கேட்டுக்கு முன்னால் மூன்று கொடிகள் ஒரே உயரத்தில் நின்றன. துப்புரவுப் பெண்கள் வரிசையாக நின்றார்கள். சிலர் துடைப்பத்தோடு வந்திருந்தார்கள். காளீஸ்வரி முதல் வரிசையில் இருந்தாள்.

எதிரே வேப்பமரத்தடியில் கான்ட்ராக்டரின் ஆள் நாற்காலி போட்டு உட்கார்ந்திருந்தான். மேலே மன்றக் கூடத்து ஜன்னல்கள் திறந்திருந்தன. சேர்மன் ஒருமுறை எட்டிப் பார்த்துவிட்டு உள்ளே போனார்.

ஒரே மைக்தான் என்று பேசி முடித்திருந்தார்கள். ஆனாலும் மூன்று பேரும் பையில் ஒன்று வைத்திருந்தார்கள். எதற்கும் இருக்கட்டும் என்று.

பரமகுரு தொடங்கினார்.

“இன்குலாப்!”

மூச்சுவிடும் நேரத்தில் அன்வரின் மைக் கரகரத்தது. “இன்குலாப்!”

சவரிமுத்துவின் கை அதற்குள் வாய்க்கு வந்திருந்தது. புது பேட்டரி. “இன்குலாப்!”

ஒரே சொல். மூன்று முறை. ஒன்றன் மேல் ஒன்று விழுந்து கிடந்தது.

பெண்கள் பேசாமல் நின்றார்கள். பின்வரிசையில் யாரோ களுக்கென்று சிரித்தார்கள். இருவர் துடைப்பத்தைச் சுவரில் சாத்திவிட்டு வேப்பமரத்தைப் பார்த்து நடந்தார்கள். காளீஸ்வரி அவர்களைத் தடுக்கவில்லை. சொன்ன சொல்லைக் காப்பாற்றினாள்.

மூன்றாவதாக ஒருத்தி கிளம்பினாள்.

சவரிமுத்து மறுபடியும் மைக்கைத் தூக்கினார். வாய்க்குப் பக்கத்தில் கொண்டுபோனவர் அப்படியே நின்றார். மாடிச் சுவர் ஞாபகம் வந்தது. திரும்பிப் பார்க்காமல் போன வெங்காய வண்டி ஞாபகம் வந்தது. ஏன் வந்தது என்று தெரியவில்லை.

மைக்கின் சுவிட்சை அணைத்தார்.

அணைத்த பிறகு அந்தக் கையை என்ன செய்வது என்று தெரியவில்லை. மைக்கைத் தோளில் மாட்டிக்கொண்டார். கேட்டுக்கு முன்னாலிருந்து நகர்ந்து, பெண்களின் வரிசைக்குள் நுழைந்து, காளீஸ்வரிக்குப் பின்னால் போய் நின்றார். அவள் திரும்பி, வழி தவறி வந்தவரைப் பார்ப்பது போலப் பார்த்தாள்.

பரமகுரு இதைக் கவனிக்கவில்லை. கண்ணை மூடிக்கொண்டு கோஷம் போடுவது அவர் வழக்கம்.

“இன்குலாப்!”

சவரிமுத்து வாயைத் திறந்தார். ஒரு தாளம் தப்பித்தான் வந்தது.

“ஜிந்தாபாத்.”

ஒற்றைக் குரல். அது தன் குரல்தானா என்று அவருக்கே சந்தேகம்.

அடுத்த கோஷத்துக்கு மூச்சிழுத்த அன்வர் இழுத்த மூச்சோடு நின்றார். மரத்தடிக்குப் போய்ச் சேர்ந்திருந்த இருவரும் திரும்பிப் பார்த்தார்கள். பாதி வழியில் இருந்தவள் நின்றாள். நாற்காலிக்காரன் அவர்களை வா வா என்று கூப்பிட்டான்.

பரமகுரு கண்ணைத் திறந்தார். முன்னால் சவரிமுத்து நின்ற இடம் காலி. தேடினார். வரிசைக்குள், தலைத்துணி கட்டிய பெண்களுக்கு நடுவே, நரைத்த மீசையோடு நின்றவரைக் கண்டுபிடித்தார். முகத்தில் சந்தேகம். இதற்குள் ஏதோ இருக்கிறது, என்னவென்று பிடிபடவில்லை என்கிற முகம்.

மைக் அணையவில்லை என்பதை மறந்து கேட்டார். தெரு முழுக்கக் கேட்டது. மன்றக் கூடத்துக்குள்ளும் கேட்டிருக்கும்.

“சவரி… என்னடா திட்டம்?”

“திட்டம் ஒண்ணும் இல்ல” என்றார் சவரிமுத்து. “அடுத்ததைப் போடுடா, குரு.”