ஒன்பது வாரத் தாமதம்

பொள்ளாச்சியில் வரி ஆலோசகராக இருந்த ரெஜினாவிடம் தொழில் கற்க வந்தார் வேதமூர்த்தி. அவருக்கு ஐம்பத்தொன்பது வயது. ரெஜினாவுக்கு நாற்பதுகூட ஆகவில்லை. கூட்டுறவு ஆலையில் தலைமை எழுத்தராக இருந்து ஓய்வு பெற்றவர், இரண்டு வருடமாக ரெஜினாவுக்கு எதிரே ஒரு மேசை போட்டுக்கொண்டு வேலை பார்த்தார். அவர் ‘மேடம்’ என்பார். ரெஜினா ‘சார்’ என்பார்.

அந்த வருடம் விதிகள் மாறிக்கொண்டே இருந்தன. ஒரு படிவம் கைக்குப் பழகுவதற்குள் அடுத்தது வந்துவிடும். வரி அலுவலகத்தில் மூன்று அதிகாரிகள் பார்த்த வேலையை ஒருவர் பார்த்தார். போன விண்ணப்பம் எதற்கும் சீக்கிரம் பதில் வருவதில்லை.

நாச்சிமுத்து கிணத்துக்கடவுப் பக்கம் கயிறு திரிக்கும் பட்டறை வைத்திருந்தார். பதினொரு பெண்கள் அங்கே வேலை செய்தார்கள். மனைவி ஆஸ்பத்திரியில் கிடந்த ஆறு மாதமும் அவர் வரிக்கணக்குத் தாக்கல் செய்யவில்லை. பதிவு ரத்தாகிவிட்டது. பதிவு இல்லாமல் பில் போட முடியாது. பில் இல்லாமல் லாரியில் ஒரு சுருள் கயிறு ஏறாது. பட்டறையைப் பூட்டினார்.

பதிவைத் திரும்பக் கேட்டு வேதமூர்த்தி விண்ணப்பம் தயாரித்தார். ரெஜினா ஒரு பார்வை பார்த்துவிட்டு அனுப்பச் சொன்னார்.

அதன்பிறகு ஒவ்வொரு திங்கட்கிழமையும் நாச்சிமுத்து வந்தார். கதவருகே நின்றபடியே கேட்பார்.

“வந்துருச்சுங்களா?”

“இல்லீங்க. ஆபீஸ்ல தேங்கிக் கெடக்குதுங்க” என்பார் வேதமூர்த்தி. “நாம பண்றதுக்கு ஒண்ணுமில்லீங்க.”

“சரிங்க” என்று போய்விடுவார்.

ஒன்பதாவது திங்கட்கிழமை காலை, பதில் வந்திருந்தது. விண்ணப்பம் நிராகரிக்கப்பட்டிருந்தது. அதோடு இணைத்த உறுதிமொழிப் படிவம் பழைய மாதிரியில் இருந்ததுதான் காரணம். அனுப்புவதற்கு நான்கு நாள் முன்பே அது மாறியிருந்தது. அந்த மாற்றத்தைச் சொல்லும் அறிவிப்பு வேதமூர்த்தியின் மேசையில்தான் இருந்தது, படிக்காத தாள்களுக்கு நடுவே.

அவர் பதிலையும் அறிவிப்பையும் எடுத்துக்கொண்டு ரெஜினாவிடம் போனார்.

“நான் பார்க்கலீங்க, மேடம்.”

“நானும் பார்க்கல” என்றார் ரெஜினா.

“புதுசா ஒண்ணு இப்பவே ரெடி பண்ணிடறேன். மத்தியானத்துக்குள்ள அனுப்பிடலாம்.” வேதமூர்த்தி குரலைத் தாழ்த்தினார். “அவரு வருவாரு. இன்னும் தேங்கித்தான் கெடக்குதுன்னு சொல்லிடலாமுங்களா? அவருக்கு எப்பவுமே தெரியப் போறதில்ல. ஊருக்கே ஆபீஸ் நெலைமை தெரியும்.”

 ரெஜினா பதில் வந்த தாளை வாங்கி வைத்துக்கொண்டார்.

நாச்சிமுத்து பத்தரை மணிக்கு வந்தார். ரெஜினா எழுந்துபோய் அவரை உள்ளே அழைத்து நாற்காலியில் உட்காரச் சொன்னார். தான் உட்காரவில்லை.

“உங்க விண்ணப்பம் திரும்பி வந்துருச்சுங்க. நாங்க வெச்ச காகிதம் தப்பு. விதி மாறினதை நாங்க கவனிக்கல. இந்த ஒம்பது வாரமும் எங்களாலதான் போச்சுங்க.”

நாச்சிமுத்து தாளை வாங்கிப் பார்த்தார். அது ஆங்கிலத்தில் இருந்தது. மடித்துத் திருப்பிக் கொடுத்தார்.

“ரெண்டு பொண்ணுங்க திருப்பூருக்குப் போயிட்டாங்க” என்றார். “பனியன் கம்பெனிக்கு. கவர்மென்ட்காரன் காகிதத்து மேல உக்காந்துக்கிட்டு இருக்கறான், நான் என்ன பண்ணட்டும்னு அவங்களுக்குச் சொல்லி அனுப்புனனுங்க.”

நாச்சிமுத்து ரெஜினாவை நிமிர்ந்து பார்த்தார்.

“புதுசா எழுதிப் போட்டா எத்தனை நாளாகுங்க?”

“தெரியலீங்க” என்றார் ரெஜினா.

நாச்சிமுத்து எழுந்தார்.

“என்ற ஃபைலைக் குடுத்துடுங்க.”

ரெஜினாவே அலமாரியைத் திறந்து எடுத்துக் கொடுத்தார். புது உறுதிமொழிப் படிவத்தையும், எங்கெல்லாம் கையெழுத்திட வேண்டும் என்று குறித்து, அதற்குள் வைத்தார். நாச்சிமுத்து ஃபைலோடு படியிறங்கிப் போனார்.

அந்த வாரத்திலேயே கிணத்துக்கடவிலிருந்து இன்னும் மூன்று பட்டறைக்காரர்கள் வந்து தங்கள் ஃபைல்களைக் கேட்டார்கள். ரெஜினா கொடுத்தார். காரணம் கேட்கவில்லை.

வேதமூர்த்தி அன்றிலிருந்து தினமும் அரை மணி நேரம் முன்னதாக வந்து அறிவிப்புகளைப் படித்தார். சாப்பாட்டு நேரத்திலும் பேச்சுக் குறைந்துபோனது. தான் நின்றுவிடலாமா என்று ஒருநாள் கேட்டார். “உங்க இஷ்டம் சார். ஆனா நாளைக்கு மூணு தாக்கல் இருக்கு” என்றார் ரெஜினா. மறுநாள் அவர் வந்தார்.

ஏழு வாரம் கழித்து, கோயம்புத்தூர் போகும் பஸ்ஸிலிருந்து வேதமூர்த்தி பார்த்தார். நாச்சிமுத்துவின் பட்டறைக் கதவு திறந்திருந்தது. வாசலில் நார் காய்ந்துகொண்டிருந்தது. வேறொரு ஆலோசகர் வழியாகப் பதிவு கிடைத்துவிட்டதாக அவர் ஏற்கெனவே கேள்விப்பட்டிருந்தார். பெண்களை எண்ணினார். ஒன்பது பேர்தான்.

மறுநாள் காலை ரெஜினாவிடம் அதைச் சொன்னார்.

“நல்லதுங்க” என்றார் ரெஜினா.

வேதமூர்த்தி நகரவில்லை.

“மேடம், ஒண்ணு கேக்கலாமுங்களா? அன்னிக்கு நாம சொல்லாம இருந்திருந்தாலும் இதே ஏழு வாரம்தான் ஆகியிருக்கும். நாலு பேர் நம்மள விட்டுப் போயிருக்க மாட்டாங்க. அவருக்கும் கடைசிவரைக்கும் தெரிஞ்சிருக்காது.”

ரெஜினா எழுதிக்கொண்டிருந்த பேனாவை மூடினார்.

“நாம சொல்லாட்டி, தெரிஞ்சுக்க அவருக்கு வேற வழியே இல்லீங்களே, சார். அதனாலதான் சொன்னேன்.”