அவருக்குத் தெரியும்

நிர்மலா அம்மாவிடம் தியானத்துக்கு வருகிறவர்களில் பாதிப் பேர் அவரைவிட வயதில் மூத்தவர்கள். தணிகாசலம் ரொம்பவே மூத்தவர், ஓய்வு பெற்ற அதிகாரி. ஆனாலும் ‘அம்மா’ என்றுதான் கூப்பிடுவார். வாரா வாரம் வந்து மற்றவர்களோடு கண்மூடி உட்காருவார். கண்ணைத் திறந்ததும் முதலில் பேச ஆரம்பிப்பவரும் அவர்தான்.

அன்று அவர் தனியாக வந்தார். இரண்டு கைகளிலும் ஒரு லேப்டாப்பை ஏந்தியிருந்தார்.

“வாங்கய்யா. சாப்பிட்டீங்களா?”

“இதைத் திறக்கணும்மா.”

அம்மா பாயை நகர்த்தி இடம் கொடுத்தார்.

அந்த லேப்டாப்பைப் பற்றி அங்கே வருகிற எல்லாருக்கும் தெரியும். வாங்கிய புதிதில் அவர் தியானத்தைவிட அதைப் பற்றித்தான் அதிகம் பேசினார். வாங்கினால் உசத்தியாக ஒன்று வாங்க வேண்டும், வீட்டுக்கே அது போதும் என்பது அவர் கட்சி. போதுமானதாகத்தான் இருந்தது. கூடத்து மேசையில் உட்கார்ந்தபடி அது வீட்டையே சுமந்தது. கரண்ட் பில் கட்டுவது அதில்தான், ரயில் டிக்கெட் எடுப்பது அதில்தான். மகளுக்குப் பாடம், மகனுக்கு விளையாட்டு, ஞாயிற்றுக்கிழமை எல்லாருக்கும் சேர்த்து ஒரு சினிமா. சண்டை வராமலிருக்க ஆளுக்கொரு கணக்கு என்று அவரே பிரித்துக் கொடுத்திருந்தார், பாஸ்வேர்டை அவரவர் போட்டுக்கொண்டார்கள். வேலை முடிந்ததும் மேலே ஒரு துணி போர்த்துவார். பெற்ற பிள்ளைகளை அவ்வளவு பதமாகப் போர்த்தியிருப்பாரா என்பது சந்தேகம்தான்.

இப்போது மகள் ஒரு ஊரில், மகன் ஒரு ஊரில். மனைவி மரகதம் ஐப்பசியில் இறந்துபோனாள். லேப்டாப் மட்டும் ஒரு கீறல் இல்லாமல் இருந்தது.

அவர் அதைத் திறந்து காட்டினார். திரையில் வட்ட வட்டமாகப் படங்கள், ஒவ்வொன்றின் கீழும் ஒரு பெயர். மரகதத்தின் வட்டத்தில் ஒரு செம்பருத்திப் பூ இருந்தது.

“அவ கணக்கு மட்டும் திறக்க மாட்டேங்குதும்மா. பாஸ்வேர்டு தெரியல.”

“கடையில குடுத்தா திறந்து குடுப்பாங்களே.”

“பாஸ்வேர்டை அழிச்சிட்டுத் திறந்து தரேன்றாங்க. எனக்கு அது வேணாம். அந்த வார்த்தைதான் வேணும்.”

“உள்ள இருக்கிறது வேணாமா?”

“உள்ள என்ன இருக்கப்போகுது, கோலம், சமையல்னு ஏதாவது இருக்கும். நீங்க இதைப் பாருங்க.”

மகளின் பெயரை அடித்தார். தவறு என்றது. கீழே ஒரு வரி வந்தது. மறந்துபோனால் நினைவுக்கு வரட்டும் என்று, பாஸ்வேர்டு போடும்போதே ஒரு குறிப்பும் எழுதச் சொல்கிற இயந்திரம் அது. மரகதம் ஆங்கில எழுத்தில் தமிழாக எழுதியிருந்தாள்: அவருக்குத் தெரியும்.

நிர்மலா அம்மா அதையே பார்த்துக்கொண்டிருந்தார்.

“எனக்குத் தெரியும்னு எழுதியிருக்கா. எனக்குத் தெரியலியேம்மா.” விரல் விட்டு எண்ணினார். “பிள்ளைங்க பேரு, அவ பொறந்த ஊரு, குலசாமி, கல்யாணத் தேதி, எல்லாம் போட்டுட்டேன். என் பேரையும் போட்டுப் பாத்தேன். நிறைய தப்பாப் போட்டா, கொஞ்ச நேரம் பொறுன்னு சொல்லுது. பொறுத்திருந்து மறுபடி போடறேன். வேற வேலையே இல்ல எனக்கு.”

“பிள்ளைங்களைக் கேட்டீங்களா?”

“பையனைக் கேட்டேன். உங்களுக்குத்தானப்பா தெரியும்னு போட்டிருக்கு, என்னை எதுக்குக் கேக்கறீங்கன்னுட்டான்.”

அம்மா திரையைக் காட்டினார். “அவங்களுக்குப் பிடிச்ச பூ எது?”

“மல்லி.”

“இதுல செம்பருத்தி இருக்கே.”

“அது அதுவா வர்ற படமா இருக்கும்.” கொஞ்சம் யோசித்தார். “மாடியில தொட்டியில ஒரு செம்பருத்தி வெச்சிருந்தா.”

“இப்ப இருக்கா?”

“தண்ணி ஊத்த மறந்துட்டேன்.”

“அவங்களை எப்படிக் கூப்பிடுவீங்க?”

“கூப்பிடறதென்ன, ‘இந்தா’ம்பேன். வந்துடுவா.”

“உங்க பாஸ்வேர்டு யாருக்குத் தெரியும்?”

“அவளுக்குத்தான். நான் மறந்துடுவேன். கூடத்துல இருந்து கத்துவேன், சமையல்கட்டுல இருந்து சொல்லுவா.”

சொல்லிவிட்டுச் சிரிக்கப் பார்த்தார். முடியவில்லை, அழுதுவிட்டார். அவ்வளவு வயதான மனிதர் அப்படி அழுவது பார்க்கப் பொறுக்கவில்லை. நிர்மலா அம்மா தேற்றவில்லை, தடுக்கவும் இல்லை.

கண்ணீர் எழுத்துக் கட்டைகளின் மேல் சொட்டியது. தணிகாசலம் அவசரமாகச் சட்டைப் பையிலிருந்து ஒரு மெல்லிய துணியை எடுத்து அதைத் துடைத்தார். முகத்தைத் துடைக்கவில்லை.

“தேடிக்கிட்டே இருந்தா, என்னைக்காவது கிடைக்குமாம்மா?”

நிர்மலா அம்மா அந்தத் துணியைக் கேட்டு வாங்கினார். விரித்துப் பார்த்தார். ஒரு ஓரம் மஞ்சளாக இருந்தது.

“இது எப்பவும் உங்க கையில இருக்குமா?”

“வாங்கின நாள்ல இருந்து.”

“அவங்க பாஸ்வேர்டு போட்ட அன்னைக்கு நீங்க எங்க இருந்தீங்க?”

“பக்கத்துலதான் இருந்தேன். நான்தான சொல்லிக் குடுத்தேன். சமையல் வேலையில இருந்து அப்படியே வந்து உக்காந்துட்டா. விரலெல்லாம் மஞ்சத்தூள். ஒத்தை விரலால ஒவ்வொரு எழுத்தாத் தேடித் தேடி அடிச்சா. அவ விரலை எடுக்க எடுக்க நான் பின்னாலயே தொடச்சிக்கிட்டு…”

அவர் பார்வை துணிக்குப் போனது.

“தேடி அடிக்கும்போது வாய்விட்டுச் சொன்னாங்களா?”

தணிகாசலம் நிமிர்ந்தார்.

“சொன்னா. சொல்லிச் சொல்லித்தான் அடிச்சா. முடிச்சிட்டு என்னைப் பாத்து சிரிச்சா. குறிப்பு ஒண்ணு கேக்குதே, என்ன போடட்டும்னா. எதையாவது போடுன்னேன்.”

“என்ன சொல்லி அடிச்சாங்க?”

அவர் கண்ணை மூடினார். அத்தனை வாரங்கள் அந்தப் பாயில் உட்கார்ந்தும் வராத அமைதி அப்போது வந்தது. அந்த மாடி அறைக்குக் கீழே மாவு மில் ஓடுகிற சத்தம் மட்டும் கேட்டது. நெடுநேரம் கழித்து அவர் உதடு அசைந்தது.

“கையத் தொடச்சிட்டு வந்து உக்காரக் கூடாதான்னு…”

“அது நீங்க சொன்னது” என்றார் நிர்மலா அம்மா. “அவங்க சொன்னதைக் கேட்டேன்.”